படுகளத்துத் துரியோதனனின் மீசை

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார்!" அனுமதி கிடைத்துவிட்டது! நீங்களும் கூடவே வாருங்கள். செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் திடல். விடிந்தால் பாரதக் கூத்தில் பதினெட்டாம் போரின் படுகளம், துரியோதனன் விழும் நாள்.

முழங்கால்வரை சேற்றில் நின்று இளைஞர்கள் மண்ணை மிதிக்கிறார்கள். மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனனுக்குத் தலை, தோள், தொடை எல்லாம் வந்துவிட்டன. நெஞ்சுக்குத்தான் தகராறு. "நூறு பேருக்கு அண்ணன்டா, இன்னும் அகலமா போடு!" பெரியவர் டிராக்டர் பெட்டிமேல் ஏறி நின்று பார்க்கிறார். "இடது மீசை தூங்குது பார்!" ஒருவன் ஓடிப்போய் அதை முறுக்கிவிடுகிறான்.

தொடைக்குள் ஒரு பானையைப் புதைக்கிறார்கள். உள்ளே குங்குமம் கரைத்த தண்ணீர். வெளியே சொல்லக்கூடாது என்றார்கள், சொல்லிவிட்டேன்.

கூத்துக்காரர்கள் வேஷம் கட்டும் இடம் கீற்றுப் பந்தல். கிரீடத்துக்குப் பக்கத்தில் செல்போன் சார்ஜ் ஏறுகிறது. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த புஜகட்டைகளைக் கட்டிக்கொண்ட துரியோதனன், அரிதாரம் கலையாமல் ஸ்ட்ரா போட்டு டீ குடிக்கிறார். இரவெல்லாம் ஆடிய வியர்வை கழுத்தில் கோடு போட்டிருக்கிறது. பீமனோ கதாயுதத்தைத் தலைக்கு வைத்துக் குறட்டை! பாஞ்சாலி வேஷக்காரர் ஊக்கு கேட்டு அலைகிறார்.

மத்தளம் எல்லோரையும் எழுப்பிவிடுகிறது. பந்தலில் மலைபோல் தெரிந்த துரியோதனன் மண்ணுடம்புக்குப் பக்கத்தில் வந்ததும் சின்னப் பையனாகிவிட்டார்! சுற்றியும் மேலேயும் ஓடுகிறார், பீமன் துரத்துகிறார். மனிதன் இத்தனூண்டு, ஆணவம் திடல் கொள்ளாமல் கிடக்கிறது. திரை இல்லை, விளக்கு வித்தை இல்லை, வசனம்கூட வேண்டியிருக்கவில்லை.

தொடையில் அடி விழுகிறது, சிவப்பு பீறிடுகிறது, பாஞ்சாலி கூந்தலை முடிக்கிறாள். அடுத்த நொடி பெண்கள் பாய்கிறார்கள்! ஆளுக்கொரு பிடி மண், முந்தானையில் முடிந்து வீட்டுக்கு. நெல் இருக்கும் இடத்தில் வைத்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றவனை மண்ணாலேயே செய்து, ஊருக்கே பிடிபிடியாகப் பங்கு போட்டுவிட்டார்கள். இதைவிடக் கெட்டிக்கார மேடையமைப்பை நான் எந்த அரங்கிலும் பார்த்ததில்லை.

பலரும் மாலைத் தீமிதிக்குத்தான் வந்து சேர்கிறார்கள். சித்திரை, வைகாசியில் வட மாவட்டப் பக்கம் போனால் விடியுமுன்னே போய்விடுங்கள். மீசை முறுக்கும்போதே பார்க்க வேண்டும்.