நிறுவுவது ஒரு நாள், காப்பது ஒவ்வொரு நாளும்

சிங்கப்பூரில் தமிழ் இணையமேறிய கதையை 1995 அக்டோபரிலிருந்து சொல்ல வேண்டும். அந்த மாதம் அதிபர் ஓங் டெங் சியோங், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முன்னின்று நடத்திய முயற்சி அது. அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அவர் உருவாக்கிய ‘கணியன்’ மென்பொருள் தமிழ் எழுத்துகளைத் திரைக்குக் கொண்டுவந்தது.

அன்று சர்வர் என்பது கண்முன்னே நிற்கும் பொருள். குளிரூட்டிய அறையில் இரையும் பெட்டி. அதைப் பார்த்துக்கொள்பவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போவார். ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டுமானால் அதன் மூல நிரலை இறக்கி, அந்த இயந்திரத்துக்கு ஏற்பத் தொகுக்க வேண்டும். பாதியில் ஏதோ ஒரு துணை நிரல் இல்லை என்று நின்றுவிடும். அதைத் தேடிப் பிடித்தால் அது இன்னொன்றைக் கேட்கும். பொழுது சாய்ந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் வாசகர் தம் கணினியில் எழுத்துருவை நிறுவினால்தான் தமிழ் தெரியும். இல்லையென்றால் பொருளற்ற குறிகள்தான்.

தூரத்திலிருந்து சர்வரை இயக்கும் வழி அன்றும் இருந்தது. அதன் பெயர் டெல்நெட். ஆனால் அதில் கடவுச்சொல் மறைப்பே இல்லாமல் வலையமைப்பில் போகும். இடையில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் இப்படிக் கடவுச்சொற்கள் களவுபோன பிறகுதான், அதே 1995இல், டாட்டு இலோனன் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான வழியை எழுதினார். இன்று உலகின் லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலானவற்றைத் தொலைவிலிருந்து நிர்வகிப்பது அந்த வழியில்தான்.

இன்றைய வேலையே வேறு. 2010 ஏப்ரலில் அமேசான் தன் மேகக் கணிமை மையங்களைச் சிங்கப்பூரில் திறந்தது. மற்றப் பெரிய நிறுவனங்களும் வந்தன. தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டே மடிக்கணினியில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, ஒற்றை வரிக் கட்டளையில் மென்பொருளை ஏற்றிவிடலாம். துணை நிரல்களை அந்தக் கட்டளையே தேடிக் கொண்டுவரும். யூனிகோடு பரவியதால் தமிழுக்கென்று தனி எழுத்துரு இறக்க வேண்டியதில்லை. 2011 முதல் ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே இணைய முகவரி முடியலாம்.

இயந்திரம் எங்கே இருக்கிறது என்று நிர்வாகிக்கே தெரியாது. ஆனால் அது இந்தத் தீவில்தான் எங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. புதிய மையங்களுக்கு அனுமதி 2019இலிருந்து சில ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டது. ஸ்வெட்டர் தேவைப்பட்ட அறைகளை 26 பாகை செல்சியசிலும் அதற்கு மேலும் வைத்து இயக்கலாம் என்ற வெப்பமண்டல வழிகாட்டி 2023இல் வந்தது.

இத்தனையும் மாறியிருக்க, மாறாத ஒன்று பராமரிப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தவுடன் ஏற்ற வேண்டும். முகவரியைத் தவணை முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். காப்புப்படி எடுத்தால் போதாது, அதிலிருந்து தளம் உண்மையிலேயே மீள்கிறதா என்று சோதிக்க வேண்டும். அன்று நிறுவுவதற்குப் பட்ட பாட்டிலேயே அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு மூலையும் ஒருவருக்குப் பழகிவிடும். இன்று ஐந்து நிமிடத்தில் எழும் தளத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாமலே போகலாம். நம் அமைப்புகளின் தளங்கள் பல மறைவது இப்படித்தான். ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தம் பெயரில் கணக்குத் தொடங்குவார். வேலை மாறி நாடு விட்டுப் போவார். சாவி அவரோடு போய்விடும். மலர்கள், உரைகள், படங்கள் எல்லாம் ஒரே இரவில் காணாமல் போகும்.

மாற்று வழியும் இதே ஊரில் இருக்கிறது. 2015இல் சமூகத் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, சுதந்திரச் சிங்கப்பூரின் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்கினார்கள். அதில் நான் மதிக்கும் செய்தி, அந்தத் தொகுப்பு தனியார் ஒருவரின் கடவுச்சொல்லை நம்பி இல்லை என்பது. அதைக் காப்பது ஒரு நிறுவனத்தின் அன்றாடக் கடமை.

எல்லாச் சங்கங்களுக்கும் நூலக வாரியத்தின் வசதி வாய்க்காது. ஆனால் நிர்வாகக் கணக்கைச் சங்கத்தின் பெயரில் வைப்பதற்கும், சாவியை இருவரிடம் கொடுப்பதற்கும், பராமரிப்புக்கென ஆண்டு வரவுசெலவில் ஒரு தொகை ஒதுக்குவதற்கும் பெரிய வசதி வேண்டாம். அடுத்த தமிழ் இணையத்தளத் திறப்பு விழாவின் அழைப்பிதழில், திறந்துவைப்பவரின் பெயரோடு பராமரிக்கப்போகிறவரின் பெயரையும் அச்சிடுவோம்.