ரிமோட் பதில் தராவிட்டால்...

ஆரணியில் எங்கள் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர் ஈராண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். பஜ்ருத் தொழுகையை இருந்த இடத்திலேயே நிறைவேற்றிவிட்டு, ஏழு மணியளவில் தொலைக்காட்சியை இயக்கச் சொல்வார். மக்காவின் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. ஆதலால் ஹரம் ஷரீஃபின் பஜ்ரு ஜமாஅத்தை அவர் அப்பொழுது நேரலையில் காண இயலும். ஹஜ் பாக்கியம் கிட்டாத அவருக்கு அந்த அரைமணி நேரமே பெரும் ஆறுதல்.

ஒரு நாள் ரிமோட் வேலை செய்யவில்லை. கடைக்காரரோ கருவியையே புதிதாக வாங்கிவிடச் சொல்லிவிட்டார். "ஹஜ்ரத், நீங்க ஒரு தடவ பாருங்களேன்" என்று அம்மூதாட்டி கேட்டுக்கொண்டார். அரபு இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன தெரியும்? ஆயினும், தறியில் ஓரிழை அறுந்தால் எவரும் பாவையே வெட்டி எறிவதில்லை. அறுந்த இடத்தைத் தேடித்தானே முடிகிறார்கள்!

இணையவழி நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சிக்குக் கொணரும் இக்கருவிகளுள் பலரும் அறிந்தது அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக். அதனைச் சென்னையிலேயே தயாரிக்கவிருப்பதாக அந்நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. இதன் ரிமோட்டுகள் பெரும்பாலானவற்றில் இரு வழிகள் உள்ளன. அம்புக்குறிகளும் முகப்புப் பொத்தானும் புளூடூத் அலைவழியே கருவியோடு பேசுகின்றன. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களோ அகச்சிவப்புக் கதிரால் நேரே தொலைக்காட்சிக்கு ஆணையிடுகின்றன. ஒலி கூடிக் குறைந்து, அம்புக்குறி மட்டும் அசையாதிருந்தால், செல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை, புளூடூத் பிணைப்பே அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு எதிரே ரிமோட்டின் முனையைப் பிடித்து ஒலிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குப் புலப்படாத கதிர் திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாக மின்னும்.

எதுவுமே இயங்காவிடில் முதலில் செல்களை மாற்றுங்கள். சிறிய பென்சில் செல்கள் இரண்டையும் ஒருசேரப் புதிதாக இடவேண்டும். பழையதும் புதியதும் கலத்தல் ஆகாது. பின்னர்க் கருவியின் மின்னிணைப்பை ஒரு நிமிடம் துண்டித்து மீண்டும் கொடுங்கள். முகப்புத் திரை தோன்றியதும், அருகில் நின்று முகப்புப் பொத்தானைப் பத்து வினாடிகள் அழுத்திப் பிடித்தால் அறுந்த பிணைப்பு பெரும்பாலும் மீளும். தொலைக்காட்சிக்குப் பின்னே கருவி ஒடுங்கிக் கிடப்பின், உடன்வரும் குட்டைக் கம்பியைக் கொண்டு சற்று வெளியே தள்ளி மாட்டுவதும் பயன் தரும்.

நான் சென்ற வீட்டில் இவை எதுவும் பலிக்கவில்லை. ரிமோட்டினுள் தேநீர் புகுந்திருந்ததைப் பேரன் பின்னரே ஒப்புக்கொண்டான்! புது ரிமோட் வரும்வரை கைபேசியில் ஃபயர் டிவி செயலியைப் பயன்படுத்தலாம் என்றால், கைபேசியும் கருவியும் ஒரே வைஃபையில் இருத்தல் வேண்டும். அவ்வீட்டிலோ முந்தின நாள்தான் வைஃபைப் பெட்டியை மாற்றியிருந்தார்கள். பெயரும் கடவுச்சொல்லும் புதியவை. கருவி பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. புதியதை அதற்குக் கற்பிக்க ரிமோட் வேண்டும். ரிமோட்டோ செத்துக் கிடக்கிறது. பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி இருந்த கதைதான்.

இதற்கும் ஒரு வழி உண்டு. ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டிற்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும், ஓர் எழுத்தும் பிசகாமல், சூட்டினோம். தன் பழைய வீடு திரும்பிவிட்டதென எண்ணிக் கருவி தானாக வந்து இணைந்தது. செயலி கொண்ட மற்றொரு கைபேசியையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தோம். திரையில் தோன்றிய எண்ணைச் செயலியில் இட்டதும் கைபேசியே ரிமோட் ஆயிற்று. அமைப்புகளுள் சென்று புதிய வைஃபையைத் தேர்ந்து, ஹாட்ஸ்பாட்டை அணைத்தோம். கைபேசியையும் புதிய வைஃபைக்கு மாற்றினோம். அல்ஹம்துலில்லாஹ், மறுநாள் காலை வழமைபோல் ஜமாஅத்தைக் கண்டார் அம்மூதாட்டி.

பழைய கடவுச்சொல் மட்டும் மருமகளின் நினைவில் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம்? தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. வழிக் கட்டுப்பாட்டு வசதி இருந்து, அது முன்பே இயக்கப்பட்டிருந்தால், தொலைக்காட்சியின் சொந்த ரிமோட்டே கருவியையும் நகர்த்தும். முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. அவ்வீட்டில் அவ்வசதி இல்லை. இப்பொழுது புதிய வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும், சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.