பதுங்கிப் பாய்ந்தவருக்கு என்ன பரிசு?

தாயம் ஆடியவர்களுக்கு, ஆட்டத்தில் உட்கார்ந்துகொண்டே ஆட்டத்துக்கு வெளியே இருப்பது எப்படி என்று தெரியும். ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். அது விழாதவர் கட்டையை உருட்டி உருட்டிக் கைமாற்றிக்கொண்டிருக்க, எதிரில் இருப்பவர் ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று போட்டு, மறு உருட்டலும் வாங்கிப் பாதிக் கட்டங்களைத் தாண்டிவிடுவார். இருந்தும் எங்கள் சேலம் அம்மாபேட்டைத் திண்ணையில் தாயம் செத்துப்போகவில்லை. ஒருவர் முறை சில விநாடிகளில் முடிந்துவிடுவதுதான் காரணம். எரிச்சல் ஏறுவதற்குள் கட்டை மறுபடி கைக்கு வந்துவிடும். இதே காத்திருப்பை, ஒரு சுற்று முடியவே கால் மணி நேரம் பிடிக்கும் ஆட்டத்தில் வைத்தால் என்ன ஆகும்? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்களின் விதிகளை எழுதியவர்கள் ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதற்கு 2024-இல் கிடைத்த விடைதான் சரியானது என்பது என் கட்சி.

இந்த வகை ஆட்டங்களுக்கு மூத்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளியிட்டது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று பாத்திரங்களாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்கிறதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். சண்டை மூண்டால் யார் முதலில் அடிப்பது என்ற கேள்வி வரும். ஆடுபுலி ஆட்டத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி, எல்லாம் கண்ணெதிரே. ஒருவர் வைத்தால் அடுத்தவர் நகர்த்துவார். யாரும் யாரையும் பதுங்கித் தாக்க முடியாது. பாத்திர ஆட்டத்தில் புதருக்குப் பின்னால் யாராவது இருப்பார்கள். 1974-இன் விதிப்படி ஒரு தரப்புக்கு ஆறு முகப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்தத் தரப்பு திகைத்துப்போனது என்று பொருள். 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒவ்வொருவரையும் இருபது முகப் பகடை உருட்டச் சொன்னது. கைவேகத்துக்கான மதிப்பையும் சேர்த்து வரும் எண்ணின் இறங்குவரிசையில் ஆட வேண்டும். சண்டை முடியும்வரை அந்த வரிசை சுழலும். ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு விநாடி. 2014-இலும் இதுவே நீடித்தது. திகைத்தவர் மட்டும் தன் முதல் முறையில் நகரவும் கூடாது, எதையும் செய்யவும் கூடாது.

கணக்குப் போட்டால் இது எவ்வளவு கொடிய தண்டனை என்று தெரியும். மூன்று சுற்றில் முடியும் ஒரு சண்டையில் முதல் சுற்றை இழந்தவர் தன் பங்கில் மூன்றில் ஒன்றை இழக்கிறார். நான்கு பேர் ஒரே ஒரு பூதத்தை மடக்கும்போது இன்னும் மோசம். பகடை வரிசையில் பூதம் கடைசியாக வந்தால், அது விரலை அசைப்பதற்குள் எட்டு அடி விழுந்திருக்கும். மாட்டிக்கொண்டது ஆட்டக்காரர் என்றால், அவர் கால் மணி நேரம் தேநீர்தான் குடிக்க வேண்டும். 2024-இன் விதி முறையைப் பறிப்பதை விட்டுவிட்டுத் தாமதத்தை மட்டும் தருகிறது: திகைத்தவர் வரிசைக்கான பகடையை இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். கைவேகம் சமமான இருவரில், தாக்குபவர் முந்துவது நூற்றுக்கு 64 தடவை. திகைத்தவர் முந்துவது 31. மீதி ஐந்தில் இருவருக்கும் ஒரே எண்.

நிஜத்தில் அப்படியா, பதுங்கித் தாக்கப்பட்டவன் செத்துத்தானே போவான் என்று கேட்கலாம். நம் பக்கத்தின் பழைய போர்முறையே இதற்குச் சாட்சி சொல்லும். தொல்காப்பியத்தின் புறத்திணை இயல் வெட்சியில் தொடங்குகிறது: பகைவர் ஊருக்குள் தெரியாமல் புகுந்து ஆநிரையைக் கவர்ந்து வருவது. திடீர்த் தாக்குதலையே போரின் முதல் படியாக வைத்த மரபு இது. அம்மாபேட்டையிலிருந்து வடக்கே தொப்பூர்க் கணவாய் ஏறினால் வரும் தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த பகுதி. அங்கும் செங்கம் வட்டாரத்திலும் கிடைத்த நடுகற்கள் பலவற்றில், கவரப்பட்ட மாட்டை மீட்கப் போய் இறந்தவன் வில்லோடும் வாளோடும் நிற்கிறான். திகைத்த தரப்பு இவன்தான். ஆனால் உறைந்து நின்றுவிடவில்லை. பிந்தித் துரத்தினான், பிந்தி அடித்தான், அந்த அடியின்போதே செத்தான். கல் நட்டதும் அவனுக்கு. (மாட்டை ஓட்டிப்போன கெட்டிக்காரர்களுக்கும் கற்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.) திகைப்பு ஒருவனைப் பின்தங்க வைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது என்ற 2024-இன் எண்ணத்துக்கு இதைவிட உறுதியான சான்று எங்கே தேடுவது?

இதைவிடக் கனமான மறுப்பு பழைய ஆட்டக்காரர்களிடமிருந்து வருவது. அரை மணி நேரம் திட்டம் போட்டு, சத்தமில்லாமல் ஊர்ந்துபோய்ப் பதுங்கினோம். பரிசு வெறும் 64 சதவீதமா என்கிறார்கள். நியாயம்தான், பாதி அளவுக்கு. எதிராளியின் பகடை மெலிவது மட்டுமே பரிசு என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதே புதிய விதிப்படி, நன்றாக ஒளிந்திருப்பவர் தன் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தால் அவர் முந்துவது ஏறத்தாழ 82 தடவை. அதற்கு மேல், எந்த இடத்தில் நிற்பது, யாரைக் குறிவைப்பது, எந்தத் தூரத்திலிருந்து தொடங்குவது என்பதெல்லாம் ஏற்கனவே அவர் கையில். எதிராளி முந்திக்கொண்டாலும் கண்ணுக்குத் தெரியாத ஆளை எங்கே போய் அடிப்பார்?

அசுவத்தாமன் இரவில் பாசறைக்குள் புகுந்தானே, உறங்கியவர்களுக்கு ஏது முறை என்று பாரதக்கூத்து பார்த்தவர்கள் கேட்கக்கூடும். அங்கே பகடைக்கே வேலை இல்லை. எதிர்க்க யாருமே இல்லாத இடத்தில் நடப்பதைச் சண்டை விதியில் அடைக்காமல், கதை நடத்துபவர் நேரடியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். பாசறையில் யாரோ ஒருவர் கண் விழித்து ஆயுதத்துக்குக் கை நீட்டும் கணத்தில் வரிசைப் பகடையை உருட்டச் சொன்னால் போதும்.