நிலக்கரிக் கம்பெனிக்கு வரும் அதிகாரி

ஜார்க்கண்ட் மாநிலத்தில் தன்பாத் மாவட்டம் இருக்கிறது. அங்கே ஜரியா என்ற ஊரைச் சுற்றி நிறைய நிலக்கரிச் சுரங்கங்கள். 1916 முதல் அங்கே பூமிக்குள் கரி எரிந்துகொண்டே இருக்கிறது. மேலே கரித்தூசி பறக்கிறது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கிறார்கள். அது ஓடைகளில் கலந்து தாமோதர் ஆற்றுக்குப் போகிறது.

தண்ணீர் கெட்டால் யார் கேட்பது? கேட்பதற்கென்றே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. தண்ணீரைக் காக்க 1974-இல் சட்டம் வந்தது. காற்றைக் காக்க 1981-இல் சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களின்படி வாரிய அதிகாரி சுரங்கத்துக்குள் போகலாம். கம்பெனி அலுவலகத்துக்குள்ளும் போய்ச் சோதிக்கலாம்.

அலுவலகத்தில் என்ன பார்ப்பார்?

கழிவுநீரை வெளியே விட வாரியத்தின் இசைவாணை வேண்டும். தண்ணீரை எங்கே விடலாம், எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும், எந்தத் தேதி வரை அனுமதி என்று அதில் எழுதியிருக்கும். கம்பெனியின் கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

தாளைப் பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. தண்ணீர் சுத்தமாகிறது என்று தாள் சொல்லும். ஓடையில் கறுப்பாக ஓடும். ஆகவே அவர் வெளியேயும் வர வேண்டும்.

தண்ணீரை எப்படிச் சோதிப்பார்?

வழக்குக்குப் போவதானால் முறைப்படி எடுக்க வேண்டும். முதலில் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுப்பார். கம்பெனி ஆள் முன்னிலையில் தண்ணீரை எடுத்து இரண்டு பங்காகப் பிரிப்பார். குடுவைகளுக்கு முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போடுவார்கள். ஒன்று ஆய்வுக்கூடத்துக்குப் போகும். முறை தவறினால் அந்த முடிவு வழக்கில் சாட்சியமாக நிற்காது. முத்திரை இல்லாத ஒரு குடுவையால் ஊரின் நியாயமே தோற்றுப்போகலாம்.

சுரங்கம் ஓடையில் விடும் ஒரு லிட்டர் தண்ணீரில் மிதக்கும் தூள் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தவறு தெரிந்தால் சுரங்கத்தை மூடச் சொல்லவும், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

அதிகாரி தினமும் வருவதில்லை. ஓடைக்கரையில் தினமும் இருப்பவர்கள் ஊர் மக்கள்தான். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் தண்ணீர் கறுப்பாக வந்தது? நோட்டில் எழுதி வையுங்கள். அதை வைத்து வாரியத்துக்கு மனுக் கொடுங்கள்.

இசைவாணைப் பதிவேட்டைப் பாதிக்கப்பட்ட எவரும் வாரிய அலுவலகத்தில் பார்க்கலாம். 1974-ஆம் ஆண்டுச் சட்டமே இதைச் சொல்கிறது. சோதனை அறிக்கையின் நகல் வேண்டுமா? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

கையெழுத்துப் போட மட்டுமா எழுத்துக் கற்றோம்? நம் தண்ணீரைப் பற்றிய தாளை நாமே படிக்கவும்தான்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊர்த் தண்ணீரில் எந்தக் கழிவு கலக்கிறது?
2. அதைப் பற்றி மனு எழுதினால் என்னென்ன விவரம் சேர்ப்பீர்கள்?