விலை வீழ்ந்த மின்சாரச் சொகுசுக் காரும் கையெழுத்திட்ட வெற்றுப் படிவமும்

போர்ஷே டைகான், ஆடி இ-டிரான் ஜிடி, மெர்சிடிஸ் ஈக்யூஎஸ், பிஎம்டபிள்யூ ஐ7 ஆகிய உயர்செயல்திறன் மின்சாரச் சொகுசுக் கார்கள் 2021 முதல் 2023 வரையிலான காலத்தில் ஒன்றரைக் கோடி ரூபாயும் அதற்கு மேலுமான விலையில் இந்தியச் சந்தைக்கு வந்தன. இன்று அவை பழைய கார் விற்பனையகங்களிலும் தரகர்களிடமும் வாங்கிய விலையிலிருந்து வெகுவாகச் சரிந்து கைமாறுகின்றன. இந்தக் கைமாற்றத்தில் இரு தரப்பாரும் ஒரே வகைப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர். விற்பவர் விலை வீழ்ச்சிக்கு யாரையாவது பொறுப்பாக்கி இழப்பீடு பெறலாம் என்று எண்ணிக் காலத்தைக் கழிக்கிறார். வாங்குபவரோ பாதி விலைக்குக் கார் கிடைத்த மகிழ்ச்சியில் படிவங்களைப் பாராமல் பணத்தைக் கொடுக்கிறார். மதிப்பிழப்பு என்பது குறைபாடு அன்று என்பதால், அதற்கு எந்த நுகர்வோர் ஆணையமும் இழப்பீடு வழங்காது. சட்டம் தலையிடுவது குறையை மறைத்து விற்றபோதும், உரிமை மாற்றத்தைப் பதிவு செய்யாமல் விட்டபோதும்தான். எனவே கவனம் முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும்.

இக்கார்கள் ஏன் இவ்வளவு வேகமாக மதிப்பிழக்கின்றன என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. முதற்காரணம் உற்பத்தியாளரே புதிய காரின் விலையைக் குறைப்பது. அமெரிக்காவில் 1,35,990 டாலருக்கு விற்ற டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு 2023 ஜனவரியில் 1,14,990 டாலராகவும், அதே ஆண்டு செப்டம்பரில் 89,990 டாலராகவும் குறைக்கப்பட்டது. பழைய காரின் விலை புதிய காரின் விலையைத் தாண்ட முடியாது என்பதால் முன்னர் வாங்கியவர்களின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் ஏறத்தாழ 20,000 மின்சாரக் கார்களை விற்றுவிட முடிவு செய்ததை 2024 ஜனவரியில் அறிவித்தபோது, அதன் பொருட்டு ஏறக்குறைய 24.5 கோடி டாலர் கூடுதல் தேய்மானத்தைக் கணக்கில் எழுத நேர்ந்தது. இரண்டாவது காரணம் தொழில்நுட்பத்தின் வேகம்: 2024ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட டைகான், ஐரோப்பியச் சோதனை முறையின்படி ஒரே மின்னேற்றத்தில் 678 கி.மீ. வரை ஓடும் என்று அறிவிக்கப்பட்டபோது, அதிகபட்சம் 503 கி.மீ. என்றிருந்த முந்தைய வடிவம் இந்தியாவுக்கு வந்த மூன்றே ஆண்டுகளில் பழம்பொருளாயிற்று. இந்தியாவில் இதனுடன் உள்நாட்டு ஒருங்கிணைப்பும் சேர்ந்துகொண்டது. 2022 ஆகஸ்டில் இறக்குமதியான ஏஎம்ஜி ஈக்யூஎஸ் 53 காரின் விலை 2.45 கோடி ரூபாய்; அடுத்த மாத இறுதியிலேயே சாக்கனில் ஒருங்கிணைக்கப்பட்ட ஈக்யூஎஸ் 580 வகை 1.55 கோடிக்கு வந்தது. இரண்டும் ஒரே வகை அல்ல என்பது உண்மையே ஆயினும், பழைய காரை வாங்க வருபவர் இந்த இரண்டாவது விலையையே கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவார்.

இத்தகைய காரின் மதிப்பில் பெரும்பங்கு பேட்டரியில் இருப்பதால், வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது பேட்டரி நலநிலை அறிக்கை. நலநிலை என்பது புதிதாக இருந்தபோது பேட்டரி தேக்கிய மின்னாற்றலில் இப்போது எத்தனை விழுக்காட்டைத் தேக்குகிறது என்ற அளவாகும். பல உற்பத்தியாளர்கள் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ., இவற்றில் எது முன்னதோ அதுவரை இந்த அளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே செல்லாது என்று உத்தரவாதம் தருகின்றனர். ஓட்டுநருக்கு எதிரே உள்ள திரையில் தெரியும், இன்னும் ஓடக்கூடிய கிலோமீட்டர் எண்ணிக்கையை நலநிலை என்று கொள்ளக்கூடாது. அண்மைய ஓட்டும் பாணியையும் வெப்பநிலையையும் வைத்துக் கணிக்கப்படும் அந்த எண், பத்து நாள் மெதுவாக ஓட்டினால் தானே உயர்ந்துவிடும். அதிகாரப்பூர்வ சேவை மையத்தில் காரின் கணினியோடு கருவியை இணைத்து எடுக்கப்பட்டதும், அடிச்சட்ட எண், தேதி, ஓடிய தூரம் ஆகியவை அச்சிடப்பட்டதுமான அறிக்கையே ஏற்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டின் பேட்டரி ஒழுங்குமுறையின் வழியாக, நலநிலைத் தரவை வாங்குபவர் அணுகும் உரிமையைச் சட்டமாக்கிவிட்டது. இங்கே அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு வாங்குபவரின் தலையிலேயே விழுகிறது. விற்பவர் தர மறுத்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

திரும்ப அழைத்தல் அறிவிப்புகளையும் இதே மையத்தில் சரிபார்க்க வேண்டும். பேட்டரியில் குறுஞ்சுற்று ஏற்படக்கூடும் என்ற காரணத்தால் 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 27,000க்கும் மேற்பட்ட டைகான் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பழுது நீக்கப்படும் வரை 80 விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்றக்கூடாது என்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அத்தகைய பணி நிலுவையிலுள்ள காரை வாங்குபவர் முழு பேட்டரிக்கு விலை கொடுத்து அதில் ஒரு பகுதியைப் பயன்படுத்த முடியாமல் இருப்பார். பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தால் நிலுவைப் பணிகளின் விவரத்தைச் சேவை மையம் எழுத்தில் தர இயலும். வாய்மொழிப் பதிலை ஏற்கக்கூடாது.

அடுத்து உரிமை மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 50ஆம் பிரிவின்படி ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். உரிமை மாற்ற அறிவிப்புக்குப் படிவம் 29, மாற்றத்துக்கான விண்ணப்பத்துக்குப் படிவம் 30. நடைமுறையிலோ விற்பவர் இவ்விரண்டிலும் வாங்குபவர் பெயரையும் தேதியையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் பணத்தோடு போய்விடுகிறார். அந்தத் தாள்கள் இரண்டு மூன்று கை மாறியும் பதிவுச் சான்றில் அவர் பெயரே நிற்கிறது. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு இதன் விளைவை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: கார் எத்தனை பேருக்குக் கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் மாற்றப்படாத வரை பதிவு பெற்றவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. மூன்று வினாடிகளுக்குள் நூறு கி.மீ. வேகத்தைத் தொடக்கூடிய, இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு வண்டியை யாரோ ஓட்ட, அதன் பொறுப்பை ஏற்க அணியமாக இருப்பவர் மட்டுமே வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடலாம்.

விற்பனை பழைய கார் வணிகர் வழியாக நடக்குமானால் அதற்கென்றே ஒரு பாதுகாப்பு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதை அறிந்தோர் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பழைய வாகன வணிகர் பதிவு அதிகாரியிடம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லத்தக்க அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். உரிமையாளர் காரை அவரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி பரிவாகன் இணையதளத்தில் பதிவு செய்யப்பட்டால், அந்நேரம் முதல் அடுத்த விற்பனை முடியும் வரை வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த இடைவெளியில் நிகழும் விபத்துக்கும் அவரே பொறுப்பு. ஆகவே காரை விற்பனைக்காக நிறுத்திவிட்டு வருபவர் அந்தப் பதிவின் ஒப்புகைச் சீட்டின் படியைக் கையில் பெறாமல் சாவியைக் கொடுக்கக்கூடாது. அங்கீகாரச் சான்று இல்லாத கடையில் கார் எவ்வளவு பளபளப்பாகத் துடைக்கப்பட்டிருந்தாலும் அது தரகர் கடையே. படிவம் 29, 30 ஆகியவற்றில் வெற்றுக் கையெழுத்துக் கேட்பதே அத்தகைய கடைகளின் முதல் அடையாளம். கேட்டால் மறுக்க வேண்டும்.

கடனில் வாங்கிய கார் என்றால் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும். மதிப்பு வேகமாகச் சரியும் மின்சாரக் கார்களில் நிலுவைக் கடன் விற்பனை விலையையே தாண்டி நிற்பது அரிதன்று என்பதால், முன்பணத்தை வாங்கிக்கொண்டு கடனை அடைக்காமல் இழுத்தடிக்கும் விற்பனையாளர்கள் இங்கே மிகுதி. வாங்குபவர் கடன் நிலுவைத் தொகையைத் தம் கணக்கிலிருந்து நேரடியாக அந்த வங்கிக் கடன் கணக்குக்கே செலுத்தி, தடையில்லாச் சான்றும் வங்கி கையொப்பமிட்ட படிவம் 35உம் பெற்று, பதிவுச் சான்றில் அப்பெயர் நீக்கப்பட்ட பின் மீதித் தொகையை விற்பவருக்குத் தருவதே பாதுகாப்பான வரிசை.

பெங்களூருவிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ வரும் கார்களுக்கு இதற்கு மேலும் ஒரு படி உண்டு. முந்தைய பதிவு அதிகாரியிடமிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று பெற வேண்டும். விண்ணப்பத்தை மாதக்கணக்கில் கிடப்பில் போடும் அலுவலகங்கள் உண்டு. ஆயினும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, மறுப்பதானால் காரணத்தை எழுதித் தரவேண்டும் என்றும், 30 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்றும் கூறுகிறது. எனவே விண்ணப்பத்துக்குத் தேதியிட்ட ஒப்புகை பெறுவதில்தான் முழு வலிமையும் இருக்கிறது. ஒப்புகை இல்லாதவர் முப்பது நாளை எங்கிருந்தும் எண்ணத் தொடங்க முடியாது. மறுப்பாணை வந்தால் 57ஆம் பிரிவின்கீழ் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வரியிலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு: 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்குக் கர்நாடகம் 2024இல் 10 விழுக்காடு ஆயுள்வரி விதித்தது, தமிழ்நாட்டிலோ மின்வாகன வரிவிலக்கு காலவரையறை கொண்ட அரசாணைகளால் வழங்கப்பட்டு வருகிறது. மறுபதிவு நாளில் நடப்பிலுள்ள அரசாணை எது என்பதை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே விலை பேசுவது நல்லது.

காப்பீட்டில் நிகழும் கவனக்குறைவு இன்னும் அதிக செலவை இழுத்துவிடும். காப்பீட்டு மதிப்பு, அதாவது கார் முழுதும் அழிந்தால் காப்பீட்டு நிறுவனம் தரும் உச்சத் தொகை, அந்த வகைக் காரின் பட்டியல் விலையிலிருந்து முதல் ஆறு மாதத்துக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடு எனக் கழித்துக் கணக்கிடப்படுகிறது. பழுதுச் செலவு இம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கொள்ளப்படும். கார் வயதாக ஆக இந்த எல்லை இறங்கிக்கொண்டே வருகிறது. பேட்டரித் தொகுப்பின் விலையோ அதே வேகத்தில் இறங்குவதில்லை. ஆகையால் அடித்தட்டில் கல் மோதி பேட்டரி உறை நசுங்கிய அளவிலேயே ஓடக்கூடிய கார் முழு இழப்பாகிவிடலாம். தவணைத் தொகையை மிச்சப்படுத்த காப்பீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டுபவர்கள் இந்த எல்லையைத் தாமே இன்னும் கீழே இறக்குகின்றனர். விற்பனைக்குப் பின் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் தானாக மாற்றித் தருவது மூன்றாம் நபர் பாதுகாப்பை மட்டுமே என்பதும், சொந்தக் காரின் சேதத்துக்கு அது பொருந்தாது என்பதும் உச்ச நீதிமன்றம் 1995இலேயே தெளிவாக்கியவை. விற்பவர் சேர்த்து வைத்த இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடியும் காரோடு வராது. சென்னை 2015இலும் 2023 டிசம்பரிலும் கண்ட வெள்ளங்களுக்குப் பின் நீரில் நின்ற கார்கள் சந்தைக்கு வருவது இயல்பு என்பதால், முந்தைய இழப்பீட்டுக் கோரிக்கைகளின் விவரத்தை விற்பவர் மூலம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் கேட்க வேண்டும்.

வரி குறித்துப் பரவியுள்ள குழப்பத்தையும் நீக்குவது தேவை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பழைய மின்சாரக் கார்களுக்கும் 18 விழுக்காடு வரியைப் பரிந்துரைத்தது. அது மறு மாதம் நடைமுறைக்கு வந்தது. இவ்வரி ஜிஎஸ்டி பதிவுபெற்ற விற்பனையாளருக்கே உரியது. பதிவில்லாத தனிநபர் தம் காரை விற்றால் வரியில்லை. வரியும் முழு விலைக்கன்று, விற்பவருக்குக் கிடைக்கும் இடைவெளித் தொகைக்கு மட்டுமே. வருமான வரிக் கணக்கில் தேய்மானம் கழித்த பின் 70 லட்சமாக நிற்கும் காரை ஒரு நிறுவனம் 78 லட்சத்துக்கு விற்றால் 8 லட்சத்தின் மீது 1,44,000 ரூபாய் வரி. 60 லட்சத்துக்கு விற்றால் வரியே இல்லை. விலைச்சீட்டில் முழுத் தொகைக்கும் 18 விழுக்காடு சேர்த்துக் காட்டும் வணிகரிடம் அதற்கான விளக்கத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

முந்தைய உரிமையாளரின் கைபேசிச் செயலியிலிருந்து காரை நீக்கச் செய்வதும் உரிமை மாற்றத்தின் ஒரு பகுதியே. நீக்காவிட்டால் கார் எங்கே நிற்கிறது என்பதை அவர் தொடர்ந்து அறியவும், சில வகைகளில் கதவைத் திறக்கவும் முடியும்.

இவ்வளவுக்குப் பின்னும் குறை மறைக்கப்பட்டது தெரியவந்தால், வணிகரிடம் வாங்கியவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்கீழ் முறையிடலாம். மற்றொரு தனிநபரிடம் வாங்கியவருக்கு உரிமையியல் நீதிமன்றமும், ஏமாற்று நோக்கம் தெளிவாக இருந்தால் காவல் நிலையமும்தான் வழி. எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது காரின் சந்தை மதிப்போ கேட்கும் இழப்பீடோ அன்று, உண்மையில் செலுத்திய தொகை: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். ஆகவே 80 லட்சம் கொடுத்துவிட்டு 40 லட்சத்துக்கு ரசீது வாங்கியவர் எந்த ஆணையத்துக்குச் செல்வது என்ற கேள்வியிலேயே சிக்கிக்கொள்வார். முறையீட்டை இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கார் என்பதாலேயே வணிகப் பயன்பாடு என்று கூறி முறையீட்டைத் தள்ள முடியாது. இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய கார் வணிக நோக்கத்துக்கானது ஆகாது என்று கன்ட்ரோல்ஸ் அண்ட் சுவிட்ச்கியர் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது. முறையீட்டுக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளே காலவரம்பு. வணிகரோடு குறுஞ்செய்தியில் நடக்கும் சமரசப் பேச்சு அந்தக் காலத்தை நிறுத்தி வைக்காது.