அப்பாவின் சிபார்சு

'ஜங்கிள் புக்' எழுதிய கிப்ளிங்கின் ஒரே மகன் ஜான். இங்கிலாந்தில், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வெலிங்டன் பள்ளியில் படித்தான்.

1914-ல் உலகப் போர் மூண்டது. பட்டாளத்தில் சேரப் போனான். "கண் பார்வை போதாது" என்று தள்ளிவிட்டார்கள்.

அப்பா விடவில்லை. பழைய தளபதி ராபர்ட்ஸ் பிரபு அவருடைய நண்பர். அவரிடம் சொன்னார். ஐரிஷ் கார்ட்ஸ் காலாட்படையில் அதிகாரி வேலை கிடைத்தது! மகனுக்குச் சிபார்சு பிடிக்கும் அப்பாக்கள் எங்கும் உண்டு. போர்முனைக்குப் போகவா பிடிப்பார்கள்?

1915 ஆகஸ்டில் ஜானுக்கு 18 வயது. செப்டம்பர் 27-ந் தேதி பிரான்சில் லூஸ் என்ற இடத்தில் சண்டை. அதுதான் அவனுக்கு முதல் சண்டை. "காயம், ஆளைக் காணோம்" என்று தகவல் வந்தது.

பெற்றோர் ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். திரும்பி வந்த சிப்பாய்களை விசாரித்தார்கள். பலனில்லை. 1936-ல் அப்பா இறந்தார். ஜானின் கல்லறை இதுதான் என்று அறிவித்தது 1992-ல்.