செவிலியும் ஸ்டெதாஸ்கோப்பும்

2015 செப்டம்பர்த் திங்களில் நடைபெற்ற அமெரிக்க அழகிப் போட்டியில், கொலராடோ மாநில அழகியாகத் தேர்வு பெற்றிருந்த கெல்லி ஜான்சன் கலைத்திறன் சுற்றில் ஆடவுமில்லை; பாடவுமில்லை. செவிலியரான அவர், பணிச்சீருடையும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக மேடையேறினார். மறதிநோயுற்ற முதியவர் ஒருவருக்குத் தாம் பணிவிடை செய்ததையும், 'வெறும் நர்சு' என்று தம்மைத் தாழ்த்தி எண்ணியது பிழையென அம்முதியவரே உணர்த்தியதையும் எடுத்துரைத்தார். மூன்றாமிடமே கிடைத்தது.

தொலைக்காட்சி உரையாடல் ஒன்றில், மருத்துவரின் கருவி இவருக்கு எதற்கு என்று நகைத்தனர். செவிலியர் உலகம் கொதித்தெழுந்தது. பல்லாயிரவர் ஸ்டெதாஸ்கோப் அணிந்த தம் படங்களை வெளியிட்டனர். சில நிறுவனங்கள் அந்நிகழ்ச்சிக்கான விளம்பரங்களை நிறுத்தின. நகைத்தவர்கள் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. நாடித்துடிப்பையும் மூச்சொலியையும் அக்கருவி கொண்டு இரவெல்லாம் கேட்டிருப்பவர் செவிலியரே என்பதை அவர்கள் அறியார் போலும்!

அவர்களை மட்டும் குறை கூறுவானேன்? பழனி மலையடிவாரத்து அய்யம்பாளையத்திலும் பெண் பார்க்க வருவோர், "நர்சுப் படிப்பா?" என்று குரலை இழுக்கக் கேட்டிருக்கிறோம். அவர்கள் வீட்டில் பேறுகாலம் வந்தால் முதலில் தேடுவது கிராமச் செவிலியரைத்தான். தொல்காப்பியத்தில் தலைவியை வளர்த்தெடுக்கும் தாய்க்குரிய பெயரன்றோ செவிலி!

நம் சமுதாயப் பெற்றோர் சிலரும் இப்படிப்புக்கு மகளை அனுப்பத் தயங்குகின்றனர். கி.பி. 627இல் அகழ்ப்போரில் காயமுற்ற சஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் சேர்க்கச் செய்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). அக்கூடாரம் இருந்த இடம் மதீனத்துப் பள்ளிவாசல்.